இல்லமற்ற சிறாரும் பொதுப் பாடசாலையும்

கல்வி எல்லார்க்கும் பொதுவானது என்பதை இக்காலத்தில் மறுப்பார் ஒருவரும் இலர். ஆயினும், பொதுப் பாடசாலை என நாம் வழங்கும் அமைப்பு, பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடு உண்டு என்னும் எண்ணத்தின்மேல் எழுந்ததாகும். சேர்க்கை விண்ணப்பத்தில் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது விலாசம். அன்றன்று தரப்படும் பயிற்சிக்கு வீட்டுப்பாடம் என்றே பெயர். பிள்ளை இரண்டு நாள் வராவிடின் ஆசிரியர் ஆளனுப்புவதும் வீட்டிற்கே. வீடே இல்லாத பிள்ளைக்கு இவை எங்ஙனம் பொருந்தும்? அத்தகைய பிள்ளைக்குச் சட்டம் கொடுத்துள்ள உரிமை யாது? அவ்வுரிமை கைக்கெட்டாமல் நிற்பதற்குக் காரணம் யாது? இவற்றைத் திருத்தணியையும் அதனைச் சூழ்ந்த நாட்டையும் நடுவாக வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், இல்லமற்றார் எனப்படுவோர் யாவர் என்பதைத் தெளிதல் வேண்டும். நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கட்டடம் எதிலும் குடியிராமல் சாலையோரத்தும், நடைபாதையிலும், பாலங்களின் கீழும், பெருங்குழாய்களுக்குள்ளும், வழிபாட்டிடங்களிலும், மண்டபங்களிலும், இரயில் நிலைய மேடைகளிலும் வெட்டவெளியில் வாழ்வோரை இல்லமற்றார் என வகுக்கின்றது. 2011 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் இரவில் அவர்களைத் தேடிச் சென்று எண்ணினர். இந்தியா முழுமையும் ஏறத்தாழ 17 லட்சத்து 70 ஆயிரம் பேர் அக்கணக்கில் வந்தனர். ஆயினும், ஓர் இரவுக் கணக்கில் அகப்படாதோர் பலர் உளர். ஆறு மாதம் சூளையோரக் குடிசையிலும், பின் ஆறு மாதம் சொந்த ஊரிலும் வாழும் குடும்பத்தார்க்கு அவ்விரவில் ஏதோ ஒரு கூரை இருந்திருக்கும். அக்கூரை அடுத்த பருவத்தில் இராது. பிள்ளையின் படிப்பை நோக்குமிடத்து இவ்விரு வகையாரும் ஒருநிலையினரே. ஆகவே, நிலையாகத் தங்கும் இடமில்லாத எல்லாப் பிள்ளைகளையும் இக்கட்டுரையில் இல்லமற்ற சிறார் என்றே கொள்வோம்.

திருத்தணி இப்பொருளை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற ஊராகும். ஆண்டின் நாட்களைக் குறிப்பன எனச் சொல்லப்படும் 365 படிகளையுடைய முருகன் மலைக்கு, ஆடிக் கிருத்திகையிலும் ஆங்கில ஆண்டின் இறுதி நாளில் நிகழும் படித் திருவிழாவிலும் திரளும் கூட்டத்தை அறியாதார் இலர். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் இரயில் பாதை ஊர்வழியே செல்கின்றது. சிறிது தொலைவில் ஆந்திர எல்லை. கூட்டம் கூடுமிடத்தில் அதனை நம்பிப் பிழைப்போரும் கூடுதல் இயல்பு. பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர் குடும்பங்கள் திருவிழாதோறும் ஊர்விட்டு ஊர் செல்வது தமிழ்நாடெங்கும் காணப்படுவதே. இவர்களேயன்றி, திருவள்ளூர் மாவட்டத்தில் ஏரிக்கரைப் புறம்போக்குகளிலும், பிறர் தோட்டங்களிலும், சூளைகளிலும், மரம் வெட்டும் இடங்களிலும் குடிசையிட்டு வாழும் இருளர் குடும்பங்களும் உண்டு. வேலை முடிந்தால் குடிசையும் இடம் பெயரும்.

இவ்வூரின் வரலாறே எல்லைக்கோட்டின் வலிமையை நமக்கு அறிவிக்கின்றது. 1911 ஆம் ஆண்டில் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் அடங்கிய திருத்தணி, 1953 இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அதனோடு சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சிக்குப் பின்னர், படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. காமராசர் 1956 இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் சென்னை மாநிலத்துப் பிள்ளைகளுக்கு உரியது. அக்காலத்தே ஆந்திரத்தில் இருந்த திருத்தணிப் பிள்ளைகள் அதற்கு உரியராகவில்லை. பிள்ளையின் பசி எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒன்றே. ஆயின், அதனை ஆற்றும் ஏற்பாடு கோட்டினால் வேறுபட்டது. ஊர் பெயரும் பிள்ளைக்கு இன்றும் நேர்வது இதுவே. ஒரு கோட்டைக் கடந்தவுடன் அதன் பெயர் பழைய பதிவேட்டில் நின்றுவிடுகின்றது. புதிய பதிவேட்டில் ஏறுவதில்லை.

இடம் பெயர்தல் ஒன்றே கல்வியைக் கெடுத்துவிடும் என்று கருதுதல் தவறு. 1888 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் திருத்தணியிற் பிறந்த சர்வேபள்ளி இராதாகிருஷ்ணன், தொடக்கக் கல்வியைப் பிறந்த ஊரிலும், பின்னர்த் திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரீசுக் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். எளிய குடும்பத்தவராகிய அவரை உதவிச் சம்பளங்கள் தாங்கின. நான்கு ஊர்களில் படித்தும் அவர் கல்வி அறுபடவில்லை. ஓரிடத்தை விட்டபோது மற்றோரிடம் அவரை ஏற்க ஆயத்தமாக இருந்ததே அதற்குக் காரணம். பெயர்ச்சியால் கெடுதல் இல்லை. பெயர்ந்த இடத்தில் ஏற்பாரின்மையாலேயே கெடுதல். இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு மேற்செல்வோம்.

செங்கற்சூளையின் ஆண்டுக்கணக்கைச் சற்று உற்று நோக்குவோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் காலத்தில் சூளைவேலை தொடங்குகின்றது. அடுத்த மழைக்கு முன்னர், ஜூன் மாதத்தையொட்டி, முடிகின்றது. மண் பிசைதலும், அச்சில் கல் அறுத்தலும், பச்சைக்கல்லைக் காயவைத்தலும், புரட்டியடுக்குதலும் குடும்பம் முழுமையும் கூடிச் செய்யும் வேலைகள். கூலியோ ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்பது. ஆதலின் ஒவ்வொரு கையும் கணக்கிற் சேர்கின்றது. பச்சைக்கல்லைப் புரட்டும் சிறு கையும் அதில் அடங்குகின்றது. குடும்பத்தார் முன்பணம் வாங்கியிருப்பராயின், கடன் தீருமுன் இடம் விட்டு நீங்குதல் இயலாது. கொத்தடிமை முறை 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், அதற்குப் பின்னரும் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகள் மீட்கப்பட்ட செய்திகள் இம்மாவட்டத்திலிருந்து பலமுறை வந்துள்ளன.

இனி, பள்ளியின் ஆண்டுக்கணக்கு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிவது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இடர் தெற்றென விளங்கும். பாடம் முதிர்ந்து தேர்வு நெருங்கும் மாதங்களிலேயே பிள்ளை ஊரை விட்டுப் போகின்றது. திரும்பி வரும்போது பள்ளி அடுத்த வகுப்பைத் தொடங்கியிருக்கும். பதிவேட்டில் பெயர் மேலேறும். எழுத்தறிவோ முன்னின்ற இடத்திலேயே நிற்கும். மூன்றாண்டு இங்ஙனம் கழிந்தால், தன்னினும் இளையார் எளிதாகப் படிப்பதைத் தான் படிக்க இயலாமல் நாணி, பிள்ளை தானே பள்ளியை விட்டு நின்றுவிடும். அப்போது, ‘இவர்களுக்குப் படிப்பில் விருப்பமில்லை’ என்று நாம் சொல்லுகின்றோம்! விருப்பமின்மை என நாம் காண்பது, பல பருவங்களாகச் சிறிது சிறிதாக நேர்ந்த இழப்பின் முடிவேயன்றிப் பிறிதன்று.

அங்ஙனமாயின், சட்டம் யாது கூறுகின்றது? 2002 இல் அரசியலமைப்பில் 86 ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 21-அ என்னும் உறுப்பு, 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் யாவர்க்கும் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. அதனை நிறைவேற்ற எழுந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இல் இயற்றப்பட்டு, 2010 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அதனைப் படிக்கும்போது, இல்லமற்ற பிள்ளையைக் கண்முன் நிறுத்தியே சில பிரிவுகளை எழுதினரோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

4 ஆம் பிரிவு, பள்ளிக்கே செல்லாத பிள்ளையையும் இடையில் நின்ற பிள்ளையையும் அதன் வயதுக்குரிய வகுப்பிற் சேர்க்க வேண்டும் என்றும், பின்தங்கிய பாடத்தை எட்டிப் பிடிக்கத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்றும் கூறுகின்றது. அத்தகைய பிள்ளை 14 வயது கடந்த பின்னும் எட்டாம் வகுப்பு முடியும் வரை இலவசமாகப் படிக்கலாம். 5 ஆம் பிரிவு, மாநிலத்துக்குள்ளேயோ வெளியேயோ எக்காரணத்தால் பள்ளி மாற நேரிடினும் மாற்றுச் சான்றிதழை உடனே தருதல் வேண்டும் என்றும், அச்சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுத்தல் கூடாது என்றும் விதிக்கின்றது. வயதுச் சான்று இல்லாமையால் சேர்க்கை மறுக்கப்படலாகாது என்பது 14 ஆம் பிரிவு. சேர்க்கைக் காலம் கடந்து வந்தாலும் மறுக்கலாகாது என்பது 15 ஆம் பிரிவு. பிழைப்புக்காக இடம் பெயர்ந்து வந்தோரின் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்த்தல் உள்ளாட்சி அமைப்பின் கடமை என்பதும், பள்ளி ஆண்டின் கால அட்டவணையை வகுப்பதும் அவ்வமைப்பின் பொறுப்பே என்பதும் 9 ஆம் பிரிவில் உள்ளன. இவற்றுள் இறுதியானது நம் கவனத்துக்கு உரியது. சூளைப்பருவத்தையும் பள்ளிப்பருவத்தையும் இசைவிக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

சட்டம் இவ்வளவு திறந்திருக்கவும், வாயிலில் பிள்ளை நிற்பதேன்? முதற்காரணம் தாள். சட்டம் கேளாத சான்றுகளை வழக்கம் கேட்கின்றது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஆயினும், உதவித்தொகைக்கும் வங்கிக் கணக்குக்கும் அது வேண்டப்படுதலின், அஃதில்லாத பிள்ளையின் பெயரை எழுதுவதில் எழுத்தர் தயங்குவதுண்டு. சாதிச் சான்றிதழின் நிலையும் அத்தகையதே. நரிக்குறவரும் குருவிக்காரரும் நெடுங்கால வேண்டுகோளுக்குப் பின்னர், 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். இருளரோ முன்னரே அப்பட்டியலில் இருப்பவர். ஆயினும், பட்டியலிற் சமூகத்தின் பெயர் இருத்தல் வேறு. தந்தையின் கையில் சான்றிதழ் இருத்தல் வேறு. நிலையான ஊரில்லாதார் எந்த வட்டாட்சியரிடம் விண்ணப்பிப்பது என்பதே முதற்கேள்வியாகின்றது.

பிறப்புப் பதிவைப் பற்றி ஈண்டு அழுத்திச் சொல்ல வேண்டுவது ஒன்றுண்டு. 2023 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கிப் பிறக்கும் பிள்ளைகளுக்குக் கல்வி நிலையச் சேர்க்கை முதலியவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழையே ஆதாரமாக வைக்கின்றது. அப்பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகளில் ஒன்றாம் வகுப்பின் வாயிலுக்கு வருவர். சான்றில்லையென்று மறுக்கலாகாது என்னும் 14 ஆம் பிரிவு இன்றும் உள்ளது. ஆயினும், சான்றில்லாத பிள்ளை முன்னிலும் மிகுந்த தயக்கத்தோடு நோக்கப்படும் என்று அஞ்சுதற்கு இடமுண்டு. பிறந்த 21 நாளுக்குள் தெரிவித்தால் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் நடுவர் ஆணை வேண்டும். சூளைக் குடிசையிற் பிறந்த பிள்ளையின் பெற்றோர், அவ்வாணைக்காக ஒருநாட் கூலியை இழந்து அலுவலகம் அலுவலகமாக அலைவரோ? அலையார் என்பது வெளிப்படை. 21 நாளில் ஒரு பொழுதில் முடியும் காரியம், ஆறாண்டு கழித்துப் பள்ளிக்கே தடையாக நிற்கின்றது.

இரண்டாவது காரணம் மொழி. ஆந்திரத்திலிருந்து வந்த பிள்ளைக்குத் தெலுங்கும், ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களான பலாங்கிர், நுவாபாடா முதலிய இடங்களிலிருந்து இங்குள்ள சூளைகளுக்கு வரும் பிள்ளைக்கு ஒடியமும் வீட்டு மொழிகள். தமிழ் கற்றல் சட்டம் 2006 இல் நடைமுறைக்கு வந்தபின், இங்குள்ள பள்ளிகளில் தமிழ் படிப்படியாகக் கட்டாய பாடமாயிற்று. நிலையாகத் தங்குவோர்க்கு அது நலமே. ஆறு மாதம் தங்குவோர் நிலை வேறு. இதனை உணர்ந்து, திருவள்ளூர் மாவட்டச் சூளைகளின் அருகே ஒடிய மொழியறிந்த ஆசிரியரை அமர்த்தி, அம்மாநிலத்துப் பாடநூல்களையே கொண்டு பள்ளிகள் நடத்தப்பட்டன. பிள்ளை சொந்த ஊர் திரும்பும்போது விட்ட பாடத்தைத் தொடரலாம் என்பது இதன் பயன். ஒடிசாவிலும், பெற்றோர் வேலைக்குச் செல்லும் மாதங்களில் பிள்ளையைச் சொந்த ஊரிலேயே வைத்துப் படிப்பிக்கும் பருவகால விடுதிகள் ஏற்பட்டன. புறப்படும் ஊரும் வந்து சேரும் ஊரும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் ஆவது யாது என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

பிறநாடு ஒன்றில் இதற்குச் செய்த ஏற்பாட்டையும் அறிதல் நன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1987 ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, பின்னர் மக்கின்னி-வென்டோ சட்டம் என வழங்கலாயிற்று ஒரு சட்டம். இரவில் தங்குதற்கு நிலையான, ஒழுங்கான, போதிய இடமில்லாத பிள்ளையை அது இல்லமற்ற பிள்ளை என வகுக்கின்றது. தாள்கள் இல்லையாயினும் உடனே சேர்த்தல், தங்குமிடம் மாறினும் இயன்றவரை முன் படித்த பள்ளியிலேயே தொடரவிடுதல், அதற்குரிய போக்குவரத்தை அளித்தல் ஆகியவற்றை அது பள்ளிகளின் கடமையாக்கிற்று. இவற்றினும் சிறப்பாக நாம் கருதுவது ஒன்றுண்டு. ஒவ்வொரு பள்ளி வட்டாரமும் இத்தகைய பிள்ளைகளுக்கென ஓர் அலுவலரை நியமித்தல் வேண்டும். பிள்ளையைத் தேடிக் காண்பதும் பள்ளியிற் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. நம் சட்டத்தில் கடமை உண்டு. ஆயின், அது பலர்மேற் பரந்து கிடக்கின்றது. பலர்க்கும் உரிய கடமையைத் தன் கடமையெனக் கொள்வார் அரியர்.

நம் நாட்டில் ஒன்றும் நடைபெறவில்லை என்று இதற்குப் பொருளன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930 ஆம் ஆண்டிலேயே ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு உறைவிடமும் கல்வியும் ஒருங்கே அளிக்க ஔவை இல்லத்தைச் சென்னையில் நிறுவினார். இக்காலத்தில் தமிழ்நாட்டரசு ஆண்டுதோறும் பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, உண்டு உறைவிடச் சிறப்புப் பயிற்சி மையங்களையும் உறைவிடமில்லா மையங்களையும் நடத்துகின்றது. 1982 இல் விரிவடைந்த சத்துணவும், 2022 ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு அரசு தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவிய காலையுணவும், அடுப்பில்லாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பேருதவி. 2021 இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்றொரு திட்டமும் எழுந்தது; தன்னார்வலர் மாலை வேளையில் பிள்ளைகள் குடியிருக்கும் இடத்தருகே சென்று கற்பித்தனர். பெயரிலும் கருத்திலும் அது நல்லதே. இல்லமே இல்லாத பிள்ளையைத் தேடுதல் அதற்கு அடுத்த படியாகும்.

உறைவிடப் பள்ளியே இதற்கு முழு மருந்து என்பார் உளர். பெற்றோரை இழந்த பிள்ளைக்கும், இரயில் நிலையத்தில் தனித்து விடப்பட்ட பிள்ளைக்கும் அஃது இன்றியமையாததே. அத்தகைய பிள்ளையைக் கண்டால் 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் நம் ஒவ்வொருவர் கடமையுமாகும். ஆனால், தாயும் தந்தையும் உடனிருக்கும் பிள்ளையை, வீடில்லை என்னும் ஒரே காரணத்தால் அவர்களிடமிருந்து பிரித்தல் எப்போதும் நலமாகாது. அவர்கள் தங்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள சாதாரண அரசுப் பள்ளி, மற்றப் பிள்ளைகளோடு அவர்களையும் அமர்த்திக்கொள்ளுமாயின், அதுவே முதல் வழியாதல் வேண்டும். விடுதி, அவ்வழி இயலாதவிடத்து மேற்கொள்ளும் துணையாகும்.

பதினான்கு வயது கடந்த இளைஞர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கல்வி உரிமைச் சட்டம் பெரும்பாலும் அவ்வயதோடு நின்றுவிடுகின்றது. தேநீர்க் கடையிலும், பேருந்து நிலையத்திலும், சூளையிலும் வேலைக்கு அமர்ந்துவிட்ட அவர்கட்குப் பள்ளிக்கூடம் திரும்பிச் செல்லும் இடமாகத் தோன்றுவதில்லை. எனினும், எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் தனித்தேர்வராக எழுதும் வழி அவர்களுக்குத் திறந்தே உள்ளது. அவ்வழியிருப்பதைச் சொல்லுவாரும், மாலையில் ஒரு மணி நேரம் உடனிருந்து கற்பிப்பாருமே வேண்டும்.

இனி, இம்மலரைப் படிக்கும் நாம் செய்யத் தக்கது யாது? நம் கல்லூரி மாணவர்க்கு விண்ணப்பம் எழுதத் தெரியும். சட்டத்தின் பிரிவை எடுத்துக் காட்டத் தெரியும். இவ்விரண்டும் சூளைத் தொழிலாளியிடம் இல்லாதவை. ஜூன் மாதத்திலும் ஜனவரி மாதத்திலும் ஒரு குடும்பத்தோடு பள்ளி வரை உடன் சென்று நிற்றல் பெரிய செயலன்று. அப்பிள்ளைக்கோ அஃது ஓர் ஆண்டுப் படிப்பாகும். புதிதாகப் பிறந்த மகவு ஒன்றின் பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்வித்தல் அதனினும் சிறிய செயல். நாட்டுநலப் பணித் திட்டத்தின் முகாம்களில் இவற்றைப் பயிற்சியாகவே மேற்கொள்ளலாம். நம் பழைய மாணவருள் தலைமையாசிரியராக விளங்குவோர் பலர். ஊர்விட்டுப் போகும் பிள்ளையின் கையில், அது இதுவரை படித்த பாடத்தையும் வகுப்பையும் குறித்து ஒரு தாள் எழுதிக் கொடுத்தனுப்புவார்களாயின், எல்லைக்கு அப்பாலுள்ள ஆசிரியர்க்கு அதுவே போதிய வழிகாட்டியாகும். நகராட்சியிலும் ஊராட்சிகளிலும் பொறுப்பிலிருப்போர், தத்தம் எல்லைக்குள் இப்பருவத்தில் வந்து தங்கியுள்ள பிள்ளைகள் எத்துணையர் என்பதை ஒருவர் பொறுப்பில் எண்ணச் செய்வாராக.

வீடில்லாத பிள்ளைக்கு ஊர் மாறும், கூரை மாறும், அண்டை அயலாரும் மாறுவர். நாள்தோறும் ஒரே மணிக்கு அடிக்கும் மணியும், ஒரே வேளையில் இடும் உணவும், பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியருமே அதற்கு மாறாத பொருள்களாக அமையக்கூடும். ஆதலின் விலாசம் இல்லை என்பது பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்காமைக்குக் காரணமாதல் கூடாது. விரைந்து சேர்த்தற்கே அது காரணமாதல் வேண்டும். பதிவேட்டில் விலாசத்துக்கு நேரே எழுத வேறொன்றும் இல்லையாயின், அப்பள்ளியின் பெயரையே எழுதிக்கொள்ளலாம்.